பேக்ஸ்லாஷில் தொலைந்த கல்யாணப் பெண்

புரோகிராம் எழுதுவது என்றால் மூளைக்கு வேலை என்பார்கள். பாதி நாள் கண்ணுக்குத்தான் வேலை. பேக்ஸ்லாஷ் என்ற சாய்ந்த கோட்டால் (\) அடிபட்டவர்கள் மட்டும் சிரிக்காமல் படியுங்கள்.

பெண்ணைக் காணோம்

புதுக்கோட்டையில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகம். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்றார் முதலாளி. இல்லையென்றால் வீட்டில் பி.எட். விண்ணப்பம் தயாராக இருந்தது. எனக்குக் கிடைத்த முதல் வேலை, கீரமங்கலத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜமால் பாய்க்குக் கல்யாண ஆல்பம் காட்டும் புரோகிராம்.

அவர் ஒவ்வொரு கல்யாணத்தையும் மணப்பெண் பெயரில் ஒரு ஃபோல்டராக வைப்பார். அந்த இடங்களை நான் புரோகிராமுக்குள் அப்படியே எழுதினேன். D:\kamala திறந்தது. D:\nithya திறக்கவில்லை. ஜமால் பாய் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, கமலா கல்யாணம் வருது, நித்யா கல்யாணம் வரலையே. பொண்ணு ஓடிப்போச்சா?"

இரண்டு நாள் மௌனம்

யாரிடமாவது கேட்டால் ஐந்து நிமிட வேலை. நானோ வாய் திறக்காமல் கம்ப்யூட்டரை மாற்றி, படங்களை மறுபடி ஏற்றி, இரண்டு நாளை ஓட்டினேன். பக்கத்து இருக்கை செல்வி அக்கா தானாகவே எட்டிப் பார்த்தார். பேக்ஸ்லாஷுக்குப் பின்னால் n வந்தால் 'அடுத்த வரிக்குப் போ' என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளுமாம். நித்யாவின் தலையெழுத்து அடுத்த வரிக்குப் போய்விட்டது. அது வெறும் கோடுதான் என்று சொல்ல இன்னொரு பேக்ஸ்லாஷ் சேர்த்துப் போட வேண்டும்.

"ரெண்டு நாளா கேக்காம உக்காந்திருந்தியே, கேட்டா நான் ஒன்னையக் கடிச்சா வச்சிருவேன்?"

மாப்பிள்ளை பெயர் யோசனை

சரிசெய்து அனுப்பினேன். ஆனால் புதுக் கல்யாணம் வரும்போதெல்லாம் நான்தான் உள்ளே போய் எழுத வேண்டும். n-இல் தொடங்கும் பெயர்தான் தொந்தரவு என்று ஜமால் பாய்க்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கு வழி சொல்லப் போன் செய்தார். நித்யாவின் மாப்பிள்ளை பெயர் தமிழரசன். பேக்ஸ்லாஷுக்குப் பின்னால் t வந்தாலும் அது ஒரு நீண்ட இடைவெளி ஆகிவிடும் என்பதை எப்படி விளக்குவது?

"பொண்ணு பேரு ஆகாதுன்னா மாப்பிள்ளை பேருல போட்டுருவோம்மா, அவங்க வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாக."

ஒரே பொத்தான்

"வேணாங்க பாய், பேரை மாத்தாதீங்க. நான் புரோகிராமை மாத்துறேன்" என்றேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. யாரும் எந்தக் கோட்டையும் எழுத வேண்டாம், பொத்தானை அழுத்தி ஃபோல்டரைத் தொட்டால் போதும் என்று மாற்றினேன்.

மூன்றாம் மாதக் கடைசி வாரம், முதலாளியோடு கீரமங்கலம் போனேன். ஜமால் பாய் தானே பொத்தானை அழுத்தினார். திரையில் நித்யா மாலையோடு சிரித்தாள். பாய் முதலாளி பக்கம் திரும்பினார்.

"சார், எங்க மச்சான் கடைக்கும் ஒண்ணு வேணும். இந்தப் பொண்ணே செஞ்சு தரட்டும், வேற ஆள அனுப்பாதீங்க."

பி.எட். விண்ணப்பம் இப்போது தங்கையின் பையில் இருக்கிறது. பேக்ஸ்லாஷுக்குத் துணையாக இன்னொரு பேக்ஸ்லாஷ் போதும், என் வாயைத் திறக்கத்தான் ஒரு கல்யாணமே தொலைய வேண்டியிருந்தது.