வாவிக்கு இந்தப் பக்கம் ஒரு கொப்பி

மட்டக்களப்பு டவுனில் மெல்றோய் என்று விசாரித்தால் ஆளைத் தெரியாது என்பார்கள். கொப்பி மெல்றோய் என்று விசாரித்தால் வாசல்வரை கூட்டிவந்து விட்டு, "கவனம், உங்களையும் ரெண்டு கொப்பி அடிச்சு வச்சிருவாரு" என்று எச்சரித்துவிட்டும் போவார்கள். வயது அறுபத்திரண்டு, போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர். கொம்பியூட்டர் திருத்துவது அவருடைய தொழில். அதில் இருப்பதையெல்லாம் பிரதி எடுப்பது அவருடைய வியாதி. கடல் பொங்கி வந்த வருடம் கலியாணப் படங்கள் அத்தனையும் போனதிலிருந்து தொற்றிய வியாதி அது.

ஃப்ளொப்பியில் இருந்ததை சீடிக்கு மாற்றினார். வாவிக் காற்றுக்கு சீடியில் பூஞ்சணம் பிடிக்கும் என்று பென்ட்ரைவுக்கு மாற்றினார். பென்ட்ரைவ் சட்டைப் பையோடு சலவைக்குப் போய்விடும் என்று ஹார்ட்டிஸ்க்குக்கு மாற்றினார்; ஒருமுறை போயும் இருந்தது. ஒரே வகைச் சாமானை நம்புகிறவன் மடையன் என்பது அவருடைய வேதம். கோயிலில் பாதர் பிரசங்கம் வைக்கும்போதுகூட, பத்துக் கட்டளையையும் கல்லில் மட்டும் எழுதிக் கொடுத்தது பெரிய பிசகு, மோசே போட்டு உடைத்தாரா இல்லையா என்று பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுப்பார்.

இந்த வியாதிக்கு நல்ல தீனி கிடைத்தது காத்தான்குடியில், அசனாரின் தையல் கடையில். கோட் தைப்பதில் அசனாரை அடிக்க ஆளில்லை. கத்தாரிலும் துபாயிலும் வேலை செய்யும் பாதி ஊர் அங்கிருந்தே போன் எடுத்து, அண்ணன் முறை கொண்டாடி, "காக்கா, அதே அளவில இன்னொண்டு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடும். அதற்காக மெல்றோய் ஒரு டேட்டாபேஸ் செய்து கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் தோள், மார்பு, இடுப்பு, கை நீளம். முன்னாலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், துணிக்கு ஒரு படம். ஊரில் எவருக்கு எவ்வளவு தொப்பை என்பது அவரவர் மனைவியைவிட அந்தப் பெட்டிக்குத்தான் திருத்தமாகத் தெரியும். இதை இன்டர்நெட்டில் ஏற்றி வைப்போமா என்று மெல்றோய் ஒருதரம் கேட்டுப் பார்த்தார்.

"ஊராக்கள்ற இடுப்பளவு வானத்தில அலையிறதுக்கு நான் விடமாட்டன்," என்று அசனார் கதையை முடித்துவிட்டார்.

ஆகவே கொப்பிதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்டும் நேரத்தில்தான் டேட்டாபேஸை ஒருவரும் தொடமாட்டார்கள். மெல்றோய் பாலம் தாண்டி வருவார், ஹார்ட்டிஸ்க்கைச் செருகுவார், கொப்பியைத் தொடங்கிவிட்டுப் பின்வளவில் இருந்த அசனாரின் வீட்டுக்குப் போவார். அங்கே அசனாரின் மனைவி ஆயிஷா உம்மா புரியாணி வைத்திருப்பார். அவ்வளவு படமும் நகர்ந்து முடிவதற்கும் மெல்றோய் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டு முடிப்பதற்கும் நேரம் சரியாக இருக்கும் என்பது அவர் கணக்கு. திரும்பி வந்தால் ஹார்ட்டிஸ்க்கில் கோப்பின் பெயர் இலட்சணமாகத் தெரியும். ஒரு ஏப்பம் விடுவார். வீட்டுக்குப் போய் அதிலிருந்து சீடிக்கும் பென்ட்ரைவுக்கும் மெமரி கார்டுக்கும் பிரதி போட்டு, நான்கையும் மனைவி கிளாறிஸின் பிஸ்கட் டின்னில் அடைப்பார். வாவிக்கு அந்தப் பக்கம் அசல், இந்தப் பக்கம் கொப்பி.

அந்தக் கொப்பியை ஒரு நாளாவது திறந்து பார்த்தாரா என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் கோபம் வரும்.

மெல்றோயின் தகப்பன் ஏர்லுக்குத் தொண்ணூறு வயது. ஒரு காலத்தில் கலியாண வீடுகளில் வயலின் வாசித்தவர். மாப்பிள்ளையைவிடத் தன் கோட் நன்றாக இருக்க வேண்டும் என்பதில் குறியாக இருந்து, பல மாப்பிள்ளைகளின் வயிற்றெரிச்சலை வாங்கிக்கொண்டவர். அசனார் கடை திறந்த நாளிலிருந்து வேறு எவருடைய கத்திரியும் ஏர்லின் துணியில் பட்டதில்லை. ஆனால் டேட்டாபேஸில் சேரமாட்டேன் என்று கனகாலம் அடம்பிடித்தார். "என்ட இடுப்பு ஒரு மெசினுக்கு என்னத்துக்கு?" கடைசியில் எண்பதாவது வயதில்தான் இறங்கிவந்தார். அப்போதும் ஆள் கம்பு மாதிரி நிமிர்ந்து நின்று இரண்டு படத்துக்கும் முகம் கொடுத்தார்.

இப்போது படுக்கையில் கிடந்தார். சாப்பாடு இறங்கவில்லை, டாக்டரும் இனி நாளை எண்ண வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். ஆள் பாதியாகியிருந்தார், வாய் மட்டும் குறையவில்லை. மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் மகனைக் கூப்பிட்டார்.

"கறுப்புக் கோட் ஒண்டு தைக்கணும். சவப்பெட்டிக்குள்ள போட்டுக்கிட்டுப் போக."

"இப்ப என்னத்துக்குப் பப்பா அந்தக் கதை?"

"டேய், செத்தாப் பிறகா ஃபிட்டிங் பாக்கிற?"

பழைய கறுப்புக் கோட் கைவசம் இல்லை. சிநேகிதர் ஒருவர் நல்ல கோட் இல்லாமல் செத்துப்போக, ஏர்ல் மனமிரங்கித் தன்னுடையதைப் போட்டு அனுப்பிவிட்டார். மிச்சமிருந்தவற்றைக் கறையான் தின்றுவிட்டது.

"அசனார் காக்காவ வரச்சொல்றன். அளவெடுக்கட்டும்," என்றார் மெல்றோய்.

"இந்த எலும்புக்கூட்டில ஒருத்தனும் டேப் வைக்கக் கூடாது. இது நான் இல்ல மனே. மெசினில கிடக்கிற அளவில தைக்கச் சொல்லு. அதுதான் நான்."

தகப்பன் அதுவரை மெல்றோயிடம் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்ட ஒரே ஒன்றும் மகன் கையில் இருக்கிற சாமான்தான். அந்த நிம்மதியோடு காத்தான்குடிக்கு மோட்டர் சைக்கிளை விட்டார்.

கடையில் அசனார் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். முதல்நாள் விழுந்த இடியில் கொம்பியூட்டர் கருகிப்போயிருந்தது. மெல்றோய் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டார். உள்ளுக்குள் அவருக்குப் பெருநாள். இந்த இடிக்காக அல்லவா மனிதர் இத்தனை வருடம் காத்திருந்தார்!

"யோசியாதீங்க காக்கா. நாலு கொப்பி இருக்கு. நாலும் நாலு வகை," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் பறந்து, பிஸ்கட் டின்னையும் தன் கொம்பியூட்டரையும் கொண்டுவந்து, எல்லாரும் பார்க்கும்படி நடுக்கடையில் வைத்தார்.

ஹார்ட்டிஸ்க் திறந்தது. பழைய வாடிக்கையாளர்கள் வரிசையாக வந்தார்கள். பிறகு ஓரிடத்தில், ஒருவரின் படத்தில் தலை மட்டும் வந்து கழுத்தோடு நின்றது. அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை. சீடியில் அதே தலை. பென்ட்ரைவிலும் அதே தலை. மெமரி கார்டிலும் அதே தலை வந்து மெல்றோயைப் பார்த்தபடி இருந்தது. ஏர்ல் பிந்திச் சேர்ந்தவர். நின்றுபோன இடத்துக்கு வெகு தூரத்துக்கு அப்பால் இருந்தவர்.

"கொப்பி நடக்கக்குள்ள கரண்ட் நிண்டிருக்கு. ஒவ்வொரு கிழமையும் நிண்டிருக்கு. எப்பிடிக் காக்கா?"

"எப்பிடியெண்டா? ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலுக்குப் போகக்குள்ள கடை மெயின ஓஃப் பண்ணிட்டுத்தானே போற. அயன் பெட்டி அண்டைக்கு மேசைய எரிச்சதில இருந்து அதுதான் சட்டம்."

"கொம்பியூட்டரும் நிக்குமே!"

"எல்லாம் நிக்கத்தானே மெயின ஓஃப் பண்ற?"

தொழுகை முடிந்து அசனார் மெயினைப் போட்டதும் கொம்பியூட்டர் தானாக விழித்துக்கொள்ளும். அப்படி விழிக்கும்படி வைத்துவிட்டு, அதைப் பெரிய கெட்டித்தனமாகச் சொல்லித் திரிந்தவரும் இதே மெல்றோய்தான்.

"அந்த நேரம் நீங்க எங்க இருந்தீங்க?" என்று அசனார் கேட்டார்.

"உங்கட வீட்டில."

வீட்டுக்கு வேறு மீட்டர். அங்கே விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது.

மெல்றோய் தையல் மெசின் ஸ்டூலில் குந்திவிட்டார். அரைவாசியை எடுத்து, அதை நான்கு வகைச் சாமானில் பக்குவமாகப் பெருக்கி, பிஸ்கட் டின்னில் வைத்துப் பூட்டியிருக்கிறார். கண்ணீர் வந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"நாலு கொப்பி காக்கா. ஒண்டிலயும் பப்பா இல்ல."

அசனார் அவரைப் பார்த்தார். அவருடைய தோளைப் பார்த்தார். பிறகு கழுத்தில் தொங்கிய டேப்பைக் கையில் எடுத்தார்.

"எழும்புங்க."

"என்னத்துக்கு?"

"எழும்புங்க எண்டா எழும்புங்க. நேர நில்லுங்க."

தோளில் டேப்பை வைத்தார். கை நீளம் பார்த்தார். முதுகைப் பார்த்தார். மறுபடி தோளுக்கே வந்து, இடது பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தார். ஏர்லின் இடது தோள் ஒரு விரல் அளவு ஏற்றம். வயலின் பிடித்துப் பிடித்து வந்தது என்றுதான் ஊரே நினைத்திருந்தது. வயலினைக் கையாலும் தொடாத மகனுக்கும் அதே ஏற்றம் இருந்தது.

"இலக்கம் எனக்கு ஞாபகமில்ல. ஆனா என்ட கைக்கு இந்தத் தோள் தெரியும்," என்றார் அசனார்.

டேப் கீழே இறங்கி வயிற்றுக்கு வந்ததும் அங்கே தயங்கியது.

"இது அவருட இல்ல," என்றார் மெல்றோய், வெட்கத்தோடு.

"இல்ல. இது எங்கட வீட்டுச் சாமான். கழிச்சிருவம்."

கோட் இரண்டு நாளில் வந்தது. மெல்றோய் தகப்பனிடம் பொய் சொல்ல நினைத்துத்தான் போனார். கட்டில் பக்கத்தில் நின்றதும் பொய் வரவில்லை. மெயின் சுவிட்சிலிருந்து புரியாணிவரை எல்லாவற்றையும் கக்கிவிட்டார். ஏர்ல் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, கிளாறிஸ் ஓடிவந்து தண்ணீர் கொடுக்கவேண்டியதாயிற்று.

"அப்ப இது சரியெண்டு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது பப்பா."

"போடு. போட்டுக் காட்டு."

மெல்றோய் கோட்டைப் போட்டார். தோள் அச்சாக இருந்தது. கை மணிக்கட்டில் வந்து நின்றது. முன்பக்கம்தான் சந்திக்க மறுத்தது.

"வயித்த உள்ளுக்கு இழு."

மூச்சை இழுத்துப் பொத்தானைப் பூட்டினார்.

"யன்னலடிக்குப் போ. திரும்பு. இந்தப் பக்கமாத் திரும்பு. நாடிய உயத்து."

யன்னல் வெளிச்சத்தில் மெல்றோய் நிமிர்ந்து நின்றார். ஏர்ல் தலையணையில் சாய்ந்தபடி காலில் தொடங்கித் தலைவரை பார்த்தார்.

"ஓம்," என்றார். "நான்தான்."

"மூச்ச விடட்டா பப்பா?"

"பொறு மனே. இன்னும் பாத்து முடியல்ல."