பாத்ரூம் கதவுக்கு ஒரு கலர்

மாடத்தி புது வீட்டின் கூடத்துத் தரையில் உட்கார்ந்து, பழைய பிளேடால் டைல்ஸைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுவருக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் தரையெல்லாம் சொட்டவிட்டுப் போயிருந்தார்கள். சுவரும் சந்தனக் கலர், சொட்டும் சந்தனக் கலர், டைல்ஸும் சந்தனக் கலர். கண்ணால் பார்த்துச் சுரண்ட வழியில்லை. இடது கையால் தரையைத் தடவுவாள். மொத்தையாகத் தட்டுப்பட்டால் அந்த இடத்தில் பிளேடை வைப்பாள். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற தனக்கே தடவித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, அந்த மனுஷன் இந்த வீட்டில் எப்படி நடமாடுவார் என்று நினைக்க நினைக்க, பிளேடைத் தூக்கி எறியலாம் போல அவளுக்கு எரிச்சல் வந்தது.

அந்த மனுஷன் வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்து, பெயிண்டர் மாரிச்செல்வத்துக்குக் கலரைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். சந்தனம் என்றால் எத்தனை சந்தனம் இருக்கிறது, வெயிலில் எது வெளுக்கும், ட்யூப்லைட் வெளிச்சத்தில் எது மஞ்சளடிக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல, மாரிச்செல்வம் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தான்.

அவள் புருஷன் பேச்சிராஜா சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பகுதியிலேயே தலை நரைத்தவர். சிவகிரியிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வருகிறவர்கள், பேச்சி அண்ணாச்சி இருக்காவளா என்று கேட்டுக்கொண்டுதான் கடைப்படி ஏறுவார்கள். பெண்ணின் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். அலமாரியில் கையை விட்டு ஒரே ஒரு சேலையை உருவி, விரித்து அவள் தோளில் போடுவார். அதோடு பேச்சு முடிந்தது. எந்தக் கலரை எந்தக் கலரோடு சேர்க்கலாம் என்பதில் அவர் சொல்லுக்கு முதலாளி கூட மறுபேச்சுப் பேசியதில்லை.

அப்படிப்பட்டவருக்குக் கண்ணில் பிரஷர் வந்தது. திருநெல்வேலியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, போன பார்வை திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்று சொல்லிவிட்டார். ஓரங்கள் முழுக்கப் போய், குழாய்க்குள்ளிருந்து பார்ப்பது மாதிரி நடுவில் கொஞ்சம் மிச்சம். அதிலும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிற கலர்களைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடும். பஸ்ஸில் ஊர் திரும்பும்போதே பேச்சிராஜா மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ஒரு ஆளுக்குத் தெரியக்கூடாது, பெற்ற மகளுக்குக் கூட. கலர் தெரியாதவன் சேலை விற்றான் என்று ஊர் சிரிக்கும் என்றார். முட்டுவலி என்று காரணம் சொல்லி வேலையை விட்டார்.

மாடத்தியும் யாரிடமும் சொல்லவில்லை. அது புருஷன் பேச்சுக்குக் கட்டுப்பட்டு அல்ல. சிவகிரியில் பிறந்து வளர்ந்த அவள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி எடுத்து, ஊர் ஊராகப் போய் வீட்டோடு தங்கிப் படுக்கையில் கிடந்தவர்களைக் கவனித்தவள். புரட்டிப் போட்டு, துடைத்து, மூத்திரப் பை மாற்றி, சோறு ஊட்டிச் சம்பாதித்ததில்தான் இந்த வீட்டில் பாதி எழும்பியது. நோயாளி வெளியே சொல்லாதே என்றால் சொல்லக்கூடாது. அந்த வேலையில் அது முதல் பாடம்.

இன்னொரு பாடமும் அவளுக்குத் தெரியும். ஒரு ஆள் பாத்ரூமுக்குத் தானாகப் போய் வருகிற வரைக்கும்தான் அவர் வீட்டுக்காரர். கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டிய நாள் வந்துவிட்டால், முதலில் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார். அப்புறம் சாப்பாடு குறையும். அப்புறம் கட்டிலை விட்டு இறங்க மாட்டார். எத்தனையோ வீட்டில் அவள் பார்த்தாகிவிட்டது. பழைய வாடகை வீட்டில் பேச்சிராஜாவுக்கு ஒவ்வொரு மூலையும் கை அறியும். இந்தப் புது வீட்டில் எதுவும் அறியாது.

வீட்டுக்குக் கலர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை எல்லாருமாகச் சேர்ந்து அந்த மனுஷனிடமே கொடுத்தார்கள். ஊரெல்லாம் அவரிடம் கலர் கேட்கும்போது சொந்த வீட்டுக்கு வேறு யாரைக் கேட்பது? மாரிச்செல்வம் நீட்டிய கலர் அட்டையை மடியில் விரித்து, விரலால் தட்டி, சந்தனம் என்றார். விரல் இருந்தது ரோஸ் கட்டத்தில். அவர் வாயால் சொன்னதைத்தான் மாரிச்செல்வம் எடுத்துக்கொண்டான். சந்தனம் எதோடும் சேரும், யாருக்கும் பிடிக்கும், பழசாகாது என்பது கடையில் அவர் சொல்லிச் சொல்லிப் பழகின வசனம். சுவருக்குச் சந்தனம், கதவுக்குச் சந்தனம், அதற்குத் தோதாகத் தரைக்கும் சந்தனம்.

மாடத்தி குறுக்கே விழுந்து தடுத்துப் பார்த்தாள். கதவுகளுக்காவது, அதுவும் வேண்டாம், பாத்ரூம் கதவு ஒன்றுக்காவது காப்பிப்பொடிக் கலர் அடியுங்கள் என்றாள். ஏன் என்று கேட்டால் சொல்ல முடியாது. மாரிச்செல்வம், “யக்கா, அண்ணாச்சி இருக்கும்போது நீங்க எதுக்கு மண்டையப் போட்டு உடைக்கிய?” என்று சிரித்தான். மகள் இசக்கிசெல்வி போனிலேயே, காப்பிப்பொடிக் கலர் ஓட்டல் கக்கூஸ் மாதிரி இருக்கும், அம்மாவுக்கு ரசனையே கிடையாது என்றாள். பேச்சிராஜா ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். அதுதான் மாடத்திக்கு அடங்காத ஆத்திரம். யாருக்காகக் கேட்கிறாளோ அவரே வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் இசக்கிசெல்வி வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் செய்தித்தாள் சுற்றிய பெரிய படம். கூடத்தில் மாட்ட ஏழு குதிரைப் படம் வாங்கி வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். கடையில் குதிரைப் படத்துக்குக் கறுப்புச் சட்டம்தான் இருந்ததாம். வீட்டுக் கலருக்கு ஒத்துவராதே என்று, வெளிர் மஞ்சளில் இரண்டு வெள்ளி மயில் நிற்கிற படமாக மாற்றி எடுத்துக்கொண்டாள். அதை அம்மாவிடம் மட்டும் அடுப்படியில் சொன்னாள். மாரிச்செல்வம் ஆணி அடித்தான், படம் ஏறியது. பேச்சிராஜா எழுந்து போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடையில் நிற்கிற தோரணையிலேயே படத்துக்கு முன்னால் நின்றார்.

“குதிரை ஒவ்வொண்ணும் என்னமா பாயுது பாத்தியா மக்கா,” என்றார். “வெள்ளைன்னா இதுல்லா வெள்ளை.”

இசக்கிசெல்வி அப்பாவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கேலி பண்ணுதாவட்டி உங்கப்பா,” என்று மாடத்தி அடுப்படியிலிருந்து சத்தம் கொடுத்தாள். “குதிரை வாங்கிட்டு வாரேன்னு சொல்லிட்டு மயிலத் தூக்கிட்டு வந்து நின்னா வேற என்ன செய்வாவ?”

பேச்சிராஜா கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். மகளும் சிரித்தாள். இந்த வயதில் புருஷனுக்காக மயிலுக்கும் குதிரைக்கும் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று மாடத்தி கையிலிருந்த பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

சாயங்காலம் மகள் பஸ் ஏறிவிட்டாள். மாரிச்செல்வமும் கிளம்பிவிட்டான். பாத்ரூம் கதவுக்கு ஒரு பூச்சு முடிந்திருந்தது, மிச்சத்தைக் காலையில் அடிப்பதாகச் சொன்னான். அடுப்படியை ஒட்டி, கூடத்திலிருந்து நேராகத் தெரிகிற சின்ன நடை. அதில் பாத்ரூம் கதவும் ஸ்டோர் ரூம் கதவும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் ஒரே அளவு, ஒரே கலர். மாடத்தி வாசலைப் பெருக்கிவிட்டு உள்ளே வரும்போது பேச்சிராஜா நடையிலிருந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

“அந்தப் பிளம்பருக்கு ஒரு போன் போடு,” என்றார். “இன்னும் பைப்ப மாட்டலை. கை கழுவ வழியில்ல.”

பிளம்பர் போன வாரமே பைப் மாட்டியாகிவிட்டது. மாடத்தி நடைக்குப் போய்ப் பார்த்தாள். பாத்ரூம் சாத்தியபடி இருந்தது. ஸ்டோர் ரூம் திறந்து கிடந்தது. உள்ளே, கதவுகளுக்கு அடிக்க மாரிச்செல்வம் தின்னர் ஊற்றிக் கலக்கி வைத்திருந்த பெயிண்ட் பக்கெட். பேச்சிராஜாவின் காலில் பக்கெட் தட்டியிருக்கிறது. பாத்ரூமில் பக்கெட் இருப்பது வழக்கம்தானே என்று அதிலேயே போய்விட்டார். சந்தன எனாமலின் மேல் மூத்திரம் தனியாக மிதந்தது.

மாடத்தி திரும்பி வந்தாள். “நீங்க போனது ஸ்டோர் ரூம்.”

பேச்சிராஜா சேரைத் தடவி உட்கார்ந்தார். அப்புறம், இசக்கி பஸ் ஏறிவிட்டாளா என்று கேட்டார். ஏறிவிட்டாள் என்றாள்.

“எனக்கு உங்க மூத்திரம் பெருசில்ல,” என்றாள் மாடத்தி. “ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் எடுத்தாச்சு. பால்காய்ப்பு அன்னைக்கு வீடு நெறைய ஆளு இருக்கும். அப்பவும் இப்படிப் போய் நின்னா என்ன செய்வீங்க?”

“அன்னைக்கு நான் தண்ணி குடிக்காம இருந்துக்கிடுதேன்.”

இந்தப் பேச்சு என்றைக்கு வரும் என்றுதான் அவள் பயந்துகொண்டிருந்தாள். இன்னும் குடிவரக்கூட இல்லை, அதற்குள் வந்துவிட்டது. அவளுக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை வருஷமாக யாரிடமும் மூச்சுவிடாமல் இருக்கிறாள், ரசனை இல்லாதவள் என்று மகளிடம் பேச்சு வாங்கினாள், மயிலுக்குப் பொய் சொன்னாள், எல்லாம் இவர் தண்ணீர் குடிக்காமல் காய்ந்து கிடப்பதற்கா என்று பொரிந்து தள்ளினாள். காப்பிப்பொடிக் கலர் அடிக்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேனே, அப்போதாவது வாயைத் திறந்து சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டாள்.

“அந்தக் கலர் அடிச்சா மூஞ்சிதான் உடையும்,” என்றார் பேச்சிராஜா. “கருப்பா இருக்கிறதெல்லாம் எனக்குத் தொறந்து கெடக்க மாதிரி இருக்குட்டி. கதவு தொறந்துதான் கெடக்குன்னு நேரா போயி இடிப்பேன்.”

மாடத்தி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். “இத ஏன் முன்னாலயே சொல்லல?”

“நீ எங்க கேட்ட?”

அது உண்மைதான். வெளிர் சுவருக்கு அடர்ந்த கதவு என்று பயிற்சியில் சொன்னதை வைத்து அவளாக முடிவு கட்டியிருந்தாள். உங்களுக்கு எது தெரிகிறது என்று ஒரு தடவை கூட அவரைக் கேட்கவில்லை. கேட்டால் கோபப்படுவார் என்று விட்டிருந்தாள். இவர் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை, நடுவில் வீடு முழுக்கச் சந்தனம்.

பக்கெட்டைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் குழி தோண்டிக் கொட்டி மூடினாள். தான் காலால் தட்டிவிட்டதாக மாரிச்செல்வத்திடம் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். ஒரு பக்கெட் பெயிண்டையும் தட்டிவிட்டாய் என்றால் நம்புவானா என்று பேச்சிராஜா கேட்டார். நம்புவான், என்னை எல்லாரும் ஒன்றும் தெரியாதவள் என்றுதானே நினைக்கிறார்கள் என்றாள். ஆனால் ஒன்றைக் கறாராகச் சொன்னாள்.

“இசக்கிகிட்ட நீங்கதான் சொல்லணும். இன்னொரு மயிலுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“அவ வரட்டும், சொல்லுதேன்,” என்றார். குரல் இறங்கியிருந்தது. கொஞ்சம் கழித்து ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுநாள் காலையில் மாடத்தி வாடகை வீட்டிலிருந்து ஒரு வயர்கூடை நிறையத் தன் சேலைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். ஒன்றை உதறி, பாத்ரூம் கதவு மறையத் தொங்கவிட்டாள். கூடத்தில் நின்ற பேச்சிராஜாவிடம், கதவு எங்கே இருக்கிறதோ அங்கே வாருங்கள், சுவரைத் தொடக்கூடாது என்றாள். மாம்பழக் கலருக்கு அவர் கதவைத் தாண்டிப் போய்ச் சுவரில் நின்றார். ராமர் பச்சைக்கு நடை முகப்பு வரை வந்து தயங்கினார். நீலத்துக்குக் கை பக்கத்துக் கதவுக்குப் போனது. மாடத்தி பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததை உதறிப் போட்டாள். வாடாமல்லிக் கலரில் ஒரு பழைய பட்டு. பேச்சிராஜா கூடத்திலிருந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நேராக நடந்து வந்து, சேலைக்கு ஒரு சாண் முன்னால் நின்று, தாழ்ப்பாளில் கையை வைத்தார்.

“இது,” என்றார்.

பாத்ரூம் கதவுக்கு வாடாமல்லியா என்று மாடத்தி நெற்றியில் தட்டிக்கொண்டாள். இன்னொரு தடவை நடக்கச் சொன்னாள். மறுபடியும் சரியாக வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து மாரிச்செல்வம் உள்ளே வந்தான். பெயிண்ட் கொட்டிப்போன கதையை முகம் மாறாமல் கேட்டுக்கொண்டான், நம்பியும்விட்டான். கதவுக்கு எதற்கு யக்கா சேலை கட்டியிருக்கிறது என்றான். மாடத்தி புருஷனைப் பார்த்தாள்.

“ஏலே, சேலை பூரா சந்தனமா இருந்தா எவளாவது கட்டுவாளா?” என்றார் பேச்சிராஜா, கடையில் பேசுகிற அதே குரலில். “எங்கனயாவது ஒரு பார்டர் வேண்டாமா? சந்தனத்துக்கு வாடாமல்லி பார்டர்தாம்ல எடுப்பு.”

மாரிச்செல்வம் சேலையை விரலால் தொட்டுப் பார்த்தான். எனாமலில் இந்தக் கலர் டப்பாவாக வராது, சிவப்பும் நீலமும் வெள்ளையும் விட்டுக் கலக்க வேண்டும், ஆனால் அண்ணாச்சி சொல்வது சரிதான், பார்டர் இருந்தால் எடுப்பாகத்தான் இருக்கும் என்றான்.

மாடத்தி அந்த வார்த்தையை விடவில்லை. பார்டர் என்றால் கதவோடு நின்றால் எப்படி, சேலைக்கு ஓடுகிற மாதிரி ஓட வேண்டாமா என்றாள். அவர் கட்டில் போடப்போகும் அறையிலிருந்து, கூடத்துச் சுவர் வழியாக, நடை திரும்பி, பாத்ரூம் கதவு வரைக்கும் கை அகலத்துக்கு ஒரே பட்டையாக இழுக்கச் சொன்னாள். இந்தத் தடவை யாரும் அவள் ரசனையைப் பற்றிப் பேசவில்லை. மாரிச்செல்வம் பையிலிருந்து நூல்கண்டை எடுத்தான். பேச்சிராஜாவைச் சுவரோரமாக நிற்க வைத்து, அவர் கை இயல்பாகத் தொங்குகிற உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து, மாடத்தி நூலின் ஒரு முனையை அங்கே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.