முன்வரிசை பாஸும் கோணல் வாயும்

எனக்குக் கல்யாணமான புதிது. அப்போது எங்கள் பகுதி இன்னும் தமிழ்நாட்டோடு சேர்ந்திருக்கவில்லை. கருங்கல் சந்தையில் கருப்பட்டி வியாபாரம் செய்துகொண்டிருந்தேன். கையில் நாலு காசும் மனதில் அதைவிடக் கூடுதல் மிதப்பும் இருந்தன.

என் மனைவி நன்றாகப் பாடுவாள். மறுவீட்டு விருந்தன்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள் என்று ஒரு பாட்டுப் பாடினாள். பாடி முடித்ததும் என் அக்கா, "பாட்டு கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. மூஞ்சிதான் கோணுது" என்றாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவுக்கு வாய் நீளமே தவிர மனதில் ஒன்றும் கிடையாது. ஆனால் அன்றோடு இவள் பாட்டை நிறுத்திவிட்டாள். அடுப்படியில்கூட முணுமுணுப்பதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

டீக்கடை ரேடியோவில் அடிக்கடி பாடும் ஒரு பெரிய பாட்டுக்காரி சுசீந்திரத்துக்குக் கிழக்கே ஒரு கோயில் திருவிழாவுக்கு வரப்போவதாகச் செய்தி வந்தது. வீட்டில் சொன்னேன். அவள், "எனக்கு அவங்க பாடும்போ மொகத்த ஒருக்கா பாக்கணும். கோணுதா இல்லியான்னு தெரிஞ்சாப் போதும்" என்றாள். ரேடியோவில் குரல் வரும், முகம் வராதே.

முகம் தெரிய வேண்டுமென்றால் முன்னால் உட்கார வேண்டும். கோயில் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. மணலில் யாரும் உட்காரலாம். முன்வரிசை நாற்காலிகளுக்கு மட்டும் திருவிழாக் கமிட்டி பாஸ் கொடுக்கும். கமிட்டியில் இருந்த ஒரு வடசேரி வியாபாரி என்னிடம் சரக்கு எடுப்பவர். நல்ல பதனீர்க் கருப்பட்டியாகப் பார்த்து ஓலைப்பெட்டியில் கட்டிக்கொண்டு அவரைப் போய்ப் பார்த்தேன். காரியம் ஆகவேண்டுமென்றால் கழுதையானாலும் காலைப் பிடி என்பார்கள். எனக்கு ஒரு பெட்டிக் கருப்பட்டியோடு முடிந்தது. இரண்டு பாஸை வாங்கிச் சட்டைப்பையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

திருவிழாவன்று பொழுது சாயுமுன்பே போய்ச் சேர்ந்தோம். நாலு பக்கமும் திறந்த மேடை. ஒரு கயிற்றைக் கட்டி, இந்தப் பக்கம் ஆண்களுக்கும் அந்தப் பக்கம் பெண்களுக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். மணலில் இருந்தவர்களைத் தாண்டிப் போய் உட்காரும்போது எனக்கு ஜமீன்தார் நடை வந்துவிட்டது. பாட்டுக்காரி மேடையேறி எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். கயிற்றுக்கு அப்பால் இருந்த என் மனைவி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

அந்த நேரம் சாமி வாகனத்தில் எழுந்தருளி மேடைக்குப் பின்பக்கம் வந்து நின்றது. பாட்டுக்காரி எழுந்து, சாமிக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். வயலினும் மிருதங்கமும் திரும்பின. மைக்கையும் திருப்பி வைத்தார்கள். முன்வரிசைக்கு மிச்சம், பூ வைத்த ஒரு கொண்டையும் பட்டுச்சேலை முதுகும்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பக்கத்திலிருந்த கமிட்டிக்காரரிடம் கேட்டேன். சாமி வந்தால் சாமியைப் பார்த்துத்தான் பாடுவார்கள், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே என்றார். பிறகு எதற்கு இந்த நாற்காலி என்றேன். "இதுல இருக்கது நாலுபேரு நம்மளப் பாக்கதுக்குல்லா" என்றார்.

கயிற்றுக்கு அப்பால் பார்த்தேன். அவள் நாற்காலி காலியாக இருந்தது. அழுதுகொண்டு எங்காவது போய்விட்டாளோ என்று பதறிப்போய் எழுந்து நின்று தேடினேன். மேடைக்கு அந்தப் பக்கம், வாகனத்தின் கீழே, தேங்காய் உடைக்க வந்த பெண்களோடு இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். தீவட்டி வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்தது.

பாட்டு மேலே ஏறியது. பாட்டுக்காரியின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு அப்பால் என் மனைவியின் வாய் மெல்லக் கோணத் தொடங்கியது. குரல் ஏற ஏற இன்னும் கோணியது. சத்தம் வரவில்லை; ஆனால் அவள் கூடவே பாடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. உட்கார மனமில்லாமல் அப்படியே நின்றேன். பின்னால் இருந்தவர்கள் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளாகவே சொன்னாள்: "எனக்கு உள்ளதவிட அவங்களுக்கு நல்லாக் கோணுது."

அடுத்த பொங்கலுக்கு அக்கா வந்திருந்தாள். யாரும் கேட்காமலே இவள் அடுப்படியில் நின்று பாடினாள். அக்கா எட்டிப் பார்த்து வாயைத் திறக்குமுன் இவள், "கோணாம அந்த எடம் வராது மைனி, வேணும்னா நீங்க பாடிப் பாருங்க" என்றாள். அக்கா பாடிப் பார்த்தாள். அவள் வாயும் கோணியது, பாட்டுத்தான் வரவில்லை.