தறி நின்ற நாளில் எடுத்த காட்சி

"என்னம்மா, ஊமைப்படமா எடுக்கப் போற?" என்று கேட்டார் எனக்கு மைக் வாடகைக்குக் கொடுத்தவர். அருப்புக்கோட்டையில் கல்யாண வீடியோ எடுப்பவர். "அந்தத் தெருவுல பக்கத்துல நிக்கிறவுக பேசுறதே காதுல விழாது. தறிச் சத்தம் மட்டுந்தான் பதிவாகும். காலேஜுல இதெல்லாம் சொல்லித் தரலயா?"

சொல்லித் தரவில்லை. நான் படித்தது கணக்கு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். இவ்வளவு தூரம் தனியாக வந்தவளுக்குச் சினிமா மட்டும் வராமல் போய்விடுமா என்ற எண்ணம் எனக்கு. "மாசம் ஒருநா கரண்ட நிப்பாட்டுவாகள்லண்ணே, அன்னைக்கு எடுப்பேன்" என்றேன்.

கையில் காசில்லாமல் படம் எடுக்க வருகிறவர்களுக்கு இதை இன்றும் சொல்வேன்: எடுக்கப்போகும் இடம் எப்போது சும்மா இருக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

விசைத்தறி ஓட்டும் ஒரு பெண் தன் அம்மாவிடம் போனில் பேசுகிறாள். என் குறும்படத்தின் முக்கியமான காட்சி அதுதான். நடித்தவர், நான் படிக்கும்போது குடியிருந்த வீட்டு அக்கா. அவரும் அதே வீட்டில் தறி ஓட்டுகிறவர்தான்; எடுப்பதும் அங்கேதான். நடிகர் அல்லாதவர்களுக்கு வசனம் எழுதிக் கொடுக்கக் கூடாது, அவர்கள் சொந்த வார்த்தையில் பேச வேண்டும் என்று எங்கோ கேட்டிருந்தேன். அதனால், "புகுந்த வீடு பிடிக்காத ஒருத்தி, அவ்வளவுதான்க்கா. மத்தத நீங்களே பேசுங்க" என்றேன். தறிகள் ஓட ஓட ஒத்திகை பார்த்தோம். அக்காவின் உதடு அசையும், கண் கலங்கும், ஒரு சொல்லும் கேட்காது. எவ்வளவு நன்றாக நடிக்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

கரண்ட் நின்ற அன்று தெருவே அடங்கிவிட்டது. பெண்கள் எல்லாம் காற்றுக்காக வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா போனைக் காதில் வைத்தார். தறிச் சத்தத்தில் பேசிப் பழகிய குரல்; தணிக்க வரவில்லை.

"முடியலன்னு படுத்தாக்கூட இவுகளுக்குத் தறி நிக்கக் கூடாதும்மா. அவரும் அவுக அம்மா சொல்றதுதான் சரின்றாரு. என்னால இங்க இருக்க ஏலல. வந்து கூட்டிட்டுப் போ."

வாசலில் பேச்சு நின்றது. அக்காவின் மாமியார் உள்ளே வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ தமிழில் கேட்டார்: "இது இந்தப் பிள்ள எழுதிக் குடுத்ததா, நீயா சொன்னதா?"

அக்கா போனைக் காதிலிருந்து இறக்கினார்.

"நான் எழுதுனதும்மா" என்றேன்.

"அப்படியா? நீ எப்பம்மா எங்க வீட்டுத் தறியில நின்ன?"

மறுநாள் அக்கா போன் செய்தார். பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்ததால் கத்தித்தான் பேசினார். "பாப்பா, அத யாருக்கும் போட்டுக் காட்டிராத. நான் இங்கதான இருக்கணும்?" அதோடு வைத்துவிட்டார். வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க எனக்கும் துணிச்சல் வரவில்லை.

மாமியாரும் அக்கம்பக்கமும் சுற்றி இருக்க, மனதில் உள்ளதைச் சொல்லிக்கொள்ள அக்காவுக்கு இருந்த ஒரே மறைப்பு அந்தச் சத்தம். எனக்கு அது இடைஞ்சலாக மட்டுமே தெரிந்தது. சொந்த வார்த்தையில் பேசச் சொல்வது சுலபம். கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு நாம் பஸ் ஏறிவிடுவோம். பேசியவர் அதே வீட்டில்தான் ராத்திரிச் சோறு சாப்பிட வேண்டும்.

படத்தில் உயிருள்ள காட்சி அது ஒன்றுதான். ஒரு வாரம் வைத்து வைத்துப் பார்த்தேன். பிறகு அழித்துவிட்டேன்.

படத்தில் அக்கா இனி தறியில் வேலை செய்வதோடு சரி, பேசப்போவதில்லை. பேசுகிறவள் வேறொருத்தி, என்னைப் போலவே திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரி. எங்கள் வீட்டில் வைத்து, நானே நடிக்கப்போகிறேன். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் நானே எழுதினேன், எங்கள் வீட்டில் இதுவரை நான் வாய்விட்டுச் சொல்லாததை எல்லாம். நேற்று ஊருக்குப் போய் அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்து, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா அசையவில்லை. மீதியையும் படித்து முடித்தேன்.