ஜன்னலோர முக்காலி

அன்று காலை என் கைபேசியில் சேகரின் பெயர் வந்தது. எடுத்ததும், "இன்னா சேகர், கதவத் தொறந்துடலாமா?" என்றேன். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. மனிதர் ஞாயிறு வரை பொறுக்காமல் ஃபோனிலேயே விளையாட்டை ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு அவர் மனைவி அமுதா பேசினார். வேலைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை என்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

சேகரை அம்பத்தூர் லேத் பட்டறையில் அறிந்தவர்கள் உங்களில் பலர். அதிகம் பேசாத மனிதர் என்று இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் சொன்னீர்கள். நூம்பலில் அவர் வீட்டு முன்னறையில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவரை அறிந்தவர்கள் நான், டில்லி, புவனா ஆகிய மூவர்தான். அங்கே அவர் ஒரு ஊருக்கே சேர்த்துப் பேசுவார். அந்த சேகரைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அவர் புதிதாக ஒரு விளையாட்டை உருவாக்கியிருந்தார். பலகை கிடையாது, சீட்டு கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் போக வேண்டும். எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். பட்டறையில் மீந்த பித்தளையில் பகடைகளை அவரே செய்திருந்தார். கதை நடப்பது ஓர் ஏரிக்கு அடியில் இருக்கும் ஊரில். ஏரியில் மூழ்கிப் போனவர்கள் எல்லோரும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். விளையாட்டு தொடங்கியதும் ஜன்னலைச் சாத்துவார், ஃபேனை நிறுத்துவார். "தண்ணிக்கடியில காத்து ஏது?" என்பார். மே மாதத்திலும் இதே நியாயம்தான். வேர்வையில் தொப்பலாக உட்கார்ந்திருப்பவனுக்கு, தான் மூழ்கிவிட்டதாக நம்புவது அப்படியொன்றும் கஷ்டமில்லை.

டில்லி ஐயப்பன்தாங்கலில் ஆட்டோ ஓட்டுகிறவன், வாய் ஓயாதவன். ஒரு ஞாயிறு அவனுடைய பாத்திரம் செத்தது. சேகர் அதை வாயால் சொல்லவில்லை. ஜன்னலோரம் இருந்த முக்காலியைக் காட்டினார். அதில் உட்கார்ந்தவர் தானாகப் பேசக் கூடாது. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், அதுவும் உண்மையாக. "செத்தவங்களுக்குப் பொய் சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்பது அவர் வாதம். டில்லி அதில் உட்கார்ந்ததும் அடங்கிப்போனான். டீ வந்தது, அவன் திரும்பக்கூட இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் எங்களைப் பார்த்தான். அன்று வெளியே வந்ததும் என்னிடம், "தெர்ல மாமே, யார்னா கூப்புடுவாங்களான்னே காத்துகினு இருந்தேன்" என்றான். அதற்குப் பிறகு அந்த முக்காலியில் நாங்கள் பையைக்கூட வைப்பதில்லை.

புவனா முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வருவாள். சின்ன வயதில் அவளுடைய தம்பி ஏரிக்குக் குளிக்கப் போனான், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவள் எங்களிடம் சொன்னது அவ்வளவுதான். நாங்களும் மேலே கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் சேகரின் விளையாட்டில், தம்பியைத் தேடி ஏரிக்கடி ஊருக்கு வந்த அக்காவாக ஆடப்போகிறேன் என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. இது வேண்டாம், வேறு ஏதாவது கொடுங்கள் என்று சேகரிடம் தனியாகச் சொன்னேன். "அவளே கேட்டுகினு வந்துகீறா. நாம யாரு இல்லன்றதுக்கு?" என்றார்.

கடைசி ஞாயிறு அவள் அந்த ஊரின் கோடியில் இருந்த மஞ்சள் கதவு வரை போய்விட்டாள். தட்டுகிறேன் என்று மேசையைத் தட்டினாள். சேகர் மேசைக்கு அடியிலிருந்து மெதுவாகத் திருப்பித் தட்டினார். அவர் கைதான் என்று தெரிந்தும் டில்லி காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டான். எப்போதும் இப்படி ஒன்றைச் செய்துவிட்டு, "இப்ப நீ இன்னா பண்ணப்போற?" என்று கேட்பது அவர் வழக்கம். அன்று கேட்கவில்லை. உள்ளே இருப்பது தம்பிதானா என்பதை மட்டுமாவது சொல்லுங்கள் என்று புவனா கெஞ்சினாள். அடுத்த வாரம் என்றார். கதையில் ஒரு வரிகூட எழுதிவைக்கிற ஆள் இல்லை, எல்லாம் தலைக்குள்தான்.

ஐஸ் பெட்டிக்குள் அவர் கிடந்தபோது புவனா தலைமாட்டில் குனிந்தாள். "சேகர்ணா, உள்ள கீறது என் தம்பியா?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடியைப் பார்த்தபடியே நின்றாள். துக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று பெண்கள் அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். டில்லி என் கையை இறுக்கிப் பிடித்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டாகிவிட்டது. எங்கள் ஆட்டத்தின் விதிப்படி அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து அமுதா கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை வீடு சத்தமே இல்லாமல் இருக்கிறது, வந்து ஆடுங்கள் என்றார். போனோம். சேகரின் நாற்காலியில் மற்ற இருவரும் உட்கார மறுத்ததால் நான் உட்கார்ந்தேன். ஜன்னலைச் சாத்தினோம், ஃபேனை நிறுத்தினோம். கதவுக்குப் பின்னால் யார் என்று எனக்குத் தெரியாது. தம்பிதான் என்று நானாகச் சொன்னால் அது புவனாவை ஏமாற்றுவது. இல்லை என்றால் அவனை இன்னொரு தடவை சாகடிப்பது. சேகர் செய்வதுபோலவே, காலியாக இருந்த முக்காலியைக் காட்டினேன். புவனா அதைப் பார்த்து, ஐஸ் பெட்டியருகே கேட்டதையே மறுபடி கேட்டாள்.

சமையலறையில் குழாயை மூடும் சத்தம் கேட்டது. அமுதா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார். இந்த விளையாட்டில் அவர் ஒருநாளும் கலந்துகொண்டதில்லை.

"அவரு குளிக்கசொல்ல கொரல மாத்தி மாத்திப் பேசிப் பாப்பாரு. கடேசி நாளு சின்னப் பையன் கொரலு. 'அக்கா, ஊக்கு குத்தன செருப்பு கரைமேல கெடக்குது, எடுத்துகினு ஊட்டுக்குப் போ'ன்னாரு. அது யாரு இன்னான்னுலாம் எனக்குத் தெரியாதும்மா."

புவனா முக்காலியின் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள். தம்பி ஏரிக்குப் போன அன்று காலை அவன் செருப்பு வார் அறுந்துவிட்டது. இவள்தான் தன் பாவாடையில் இருந்த ஊக்கைக் கழற்றிக் குத்திக் கொடுத்தாள். மாலையில் தேடிப் போனபோது செருப்பு கரைமேல் கிடந்தது. தொடப் பயந்து அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள். மறுநாள் அது அங்கே இல்லை. இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை என்றாள். வார் அறுந்தால் ஊக்கு குத்துவது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கூட யாராவது இருக்கும்போது அந்தச் சமாதானம் போதுமானதாக இருக்கிறது.

என் வாயில் வந்தது சேகரின் கேள்விதான். "இப்ப நீ இன்னா பண்ணப்போற?"

"செருப்ப எடுத்துக்கறேன். ஊட்டுக்குப் போறேன்" என்றாள் புவனா. பகடையைத் தொடாமல் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.

பித்தளைப் பகடைகளை அமுதா எனக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் சேகரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியையும், அதைக் கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் காத்திருக்கும் பொறுமையையும்தான். அந்த மனிதர் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குத் தாங்க முடியாதவையாக இருக்கின்றன. அதனாலேயே விடாமல் ஆடுகிறோம். முக்காலி ஜன்னலோரத்திலேயே இருக்கிறது. மஞ்சள் கதவை நாங்கள் திறக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், இறந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முதலில் கேட்டவன் நான்தான். கதவைத் திறந்துவிடலாமா என்று அன்று காலை ஃபோனில் கேட்டேன். வீட்டுக்குப் போ என்று, அமுதாவின் வாய்வழி அவர் பதில் சொல்லிவிட்டார்.