இமை வீங்கிய குரங்கு

எண்பதுகளின் தொடக்கத்தில், கால்நடை மருத்துவப் படிப்பின் கடைசி ஆண்டில், புதுச்சேரியில் இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஆடு மாடு பார்த்துப் பழகிய எனக்கு அங்கே எலி, முயல், குரங்கு. நெல்லித்தோப்பில் அறை எடுத்திருந்தேன். காலையில் எழும்போதே உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும். வேலை அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

குரங்குகளுக்குக் காசநோய்ச் சோதனை செய்வது என் பொறுப்பு. மேல் இமையில் துளி மருந்தை ஊசியால் ஏற்ற வேண்டும். நோய் இருந்தால் இமை வீங்கும். கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவர், மில் வேலையை விட்டு வந்தவர், கூண்டின் பின்பக்கத் தட்டியை முன்னால் இழுத்துக் குரங்கை அசையாமல் நெருக்கிப் பிடிப்பார்.

அந்த முறை ஒரு பெண் குரங்கின் கண் பாதி மூடிக்கொண்டது. மறுசோதனையிலும் அப்படியே. மற்றவற்றைக் காப்பாற்ற அதைக் கொல்வதைத் தவிர வழியில்லை. ஊசியை நான்தான் போட்டேன். என் கையுறையைப் பற்றியிருந்த அதன் விரல்கள் மெல்லத் தளர்ந்தன.

கூண்டைக் கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: "மனுசங்ககிட்டேருந்துகூட தொத்துமாமே. நம்ம எல்லாரையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிட்டாங்க டாக்டரம்மா. எனக்கு எதுனா இருந்தா வேலை போயிடும்."

அவருக்கு ஒன்றுமில்லை. என் நெஞ்சில்தான் நிழல் இருந்தது.

"படம் மாறிப் போயிருக்கும், இன்னொருவாட்டி கேளுங்க" என்றார் கூண்டுக்காரர். மாறவில்லை.

எனக்கு முதலில் வந்தது பயமல்ல, நிம்மதி. அத்தனை நாள் அலுப்புக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் குரங்கு நினைவுக்கு வந்தது. அது எனக்குக் கொடுத்ததா, நான் அதற்குக் கொடுத்தேனா?

எனக்குப் பயிற்சி தந்த மருத்துவரிடம் கேட்டேன். அவரும் களைத்துப் போயிருந்தார்.

"தெரிஞ்சு என்னம்மா பண்ணப்போறே? மாத்திரைய விடாம சாப்பிடு."

மாத்திரையோடு, ஆஸ்பத்திரி வரிசையில் நின்று தினமும் ஊசியும் போட்டுக்கொண்டேன். படிப்பு ஓர் ஆண்டு தள்ளிப்போனது. குரங்குகள் பக்கம் என்னை விடவில்லை. மீதிச் சோதனையை வேறொருவர் முடித்தார். அன்று மருந்துச் சீட்டில் கையெழுத்து வாங்க ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போயிருந்தேன். கூண்டுக்காரர் வெளிக்கேட்டுவரை வந்தார்.

"மத்ததுங்களுக்கு ஒண்ணுமில்ல, டாக்டரம்மா. நீங்க சாப்ட்டீங்களா?"

இன்னும் இல்லை என்றேன். பஸ் வரும்வரை அவரும் கூடவே நின்றார்.