நிற்காமல் வந்த ஆடுகள்

ஆடிக்கு அழைத்து வந்த சித்தி, ஆவணி பிறந்த பிறகும் சேலத்துக்குத் திரும்பிப் போகாதது எனக்கு மட்டும் ரொம்ப வசதியாக இருந்தது. அம்மாவுக்கும் சித்திக்கும் பெற்றவர்கள் இல்லை. அதனால் மொரப்பூருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீடுதான் சித்திக்குத் தாய்வீடு. கல்யாணமான முதல் வருசம் என்று முறைப்படி அழைத்து வந்தார்கள். ஆடியும் முடிந்தது. சித்தப்பா அடிக்கடி போன் செய்வார். அம்மா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசுவாள். சித்தி என் அறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். களைப்பாக இருக்கிறாள், தொந்தரவு செய்யாதே என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருப்பவளுக்கு எப்படிக் களைப்பு வரும் என்று கேட்டேன். அம்மா முறைத்ததோடு சரி.

எனக்கு அப்போது வேறு கவலை. நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஆன்லைன் வகுப்புக்கென்று அப்பா வாங்கி வந்த பழைய லேப்டாப்பில், கட்டம் கட்டமான கற்களை அடுக்கி வீடு, மலை, ஊர் என்று எதை வேண்டுமானாலும் கட்டுகிற விளையாட்டு ஒன்று இருந்தது. அதில் நான் ஓர் ஆட்டுச்சந்தை கட்டியிருந்தேன். பட்டி, தண்ணீர்த் தொட்டி, வியாபாரிகள், டீக்கடை எல்லாம் உண்டு. நுழைகிறவர்களிடம் சுங்கம் வாங்க வாசலில் ஓர் ஆளைக்கூட நிறுத்தியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என் வகுப்புத் தோழி அதைப் பார்க்க வருவதாக இருந்தது. அவள் தன்னுடைய ஊரில் தானாக ஓடும் ரயில் விட்டிருந்தாள். அதைப் பற்றி வகுப்பில் அவள் பேசாத நாளே கிடையாது. அவள் வாயை அடைக்க எனக்குத் தானாக வரும் ஆடு வேண்டியிருந்தது.

ஆடு வாங்க வருகிறவர் பட்டிக்கு முன்னால் தரையில் பதித்திருக்கும் பலகையை மிதிக்க வேண்டும். மிதித்ததும் பட்டிக்குள் ஓர் ஆடு தோன்ற வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான். இதற்கென்றே அந்த விளையாட்டில் ஒரு பெட்டி உண்டு. கமாண்டு பிளாக் என்பார்கள். அதற்குள் ஒரு கட்டளையை எழுதி பலகைக்கு அடியில் புதைத்துவிட்டால், பலகை மிதிபடும்போது பெட்டி அந்தக் கட்டளையை நிறைவேற்றும். ஆனால் என் பெட்டி நிறைவேற்றவில்லை. மிதித்தேன், குதித்தேன், ஓடிவந்து குதித்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தால் சிவப்பு எழுத்தில் என்னமோ திட்டியிருந்தது.

"செவப்புல என்ன போட்டிருக்குது, படி" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. சித்தி சுவரைப் பார்த்தபடியேதான் இருந்தாள்.

எழுத்துக்கூட்டிப் படித்தேன். அப்படி ஒரு பிராணியே கிடையாது என்று சொல்லியிருந்தது.

"கோட்டுக்கு என்ன ஸ்பெல்லிங் எழுதின?"

"ஜி, ஓ, டி, இ."

"அப்பறம் எப்படி வரும்?"

திருத்தி எழுதி மிதித்தேன். ஆடு வந்துவிட்டது. ஆனால் பட்டிக்குள் வராமல் பலகை மேலேயே வந்து நின்றது. நின்றதோடு அங்கிருந்து நகரவும் மாட்டேன் என்றது. நான் விலகி வந்து மறுபடி மிதித்தால் அடுத்த ஆடு வரவில்லை. சித்தியிடம் சொன்னேன். கட்டில் கிறீச்சிட்டது. சித்தி இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"அந்தப் பெட்டிய ஒரு தடவ செய்னு வச்சிருக்கறியா, இல்ல செஞ்சிட்டே இருன்னு வச்சிருக்கறியா?"

அப்படி இரண்டு வகை இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. செய்துகொண்டே இருப்பதுதானே நல்ல பெட்டிக்கு அழகு என்று, அவள் மேலே எதுவும் சொல்வதற்குள் அதை மாற்றிவிட்டேன்.

அதன்பின் ஆடுகள் வந்தன. மூட்டையிலிருந்து தக்காளி கொட்டுவது மாதிரி வந்தன. பட்டி நிறைந்து தொட்டி நிறைந்து டீக்கடைக் கூரைமேல் ஏறி நின்றன. இரண்டு மூன்று சேர்ந்து என்னை முட்டிக் கீழே தள்ளின. அந்த விளையாட்டில் வெள்ளாடுகள் சும்மா கத்தாது, சிலது மனிதர் மாதிரியே அலறும். லேப்டாப்பில் சத்தம் குறைக்கும் பொத்தான் காபி கொட்டியதிலிருந்து வேலை செய்யாது. சந்தை முழுக்க அலறியது. லேப்டாப் காற்றாடி அதைவிடப் பெரிதாக இரைந்தது.

பயந்துபோய் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பத் திறந்தேன். எல்லா ஆடுகளும் அப்படியே இருந்தன. புதிதாகவும் வந்துகொண்டிருந்தன.

நிமிர்ந்து பார்த்தால் சித்தி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவிழ்ந்து கிடந்த தலைமுடியை இழுத்துக் கொண்டை போட்டுக்கொண்டாள்.

"பலகைய மொதல்ல மிதிச்சது யாரு?"

"நானு."

"நீ எறங்கியாச்சு. இப்ப யாரு மிதிச்சிட்டு இருக்கறாங்க?"

உற்றுப் பார்த்தேன். "ஆடு."

"அதான். மிதிக்கறது ஆளா ஆடான்னு அந்தப் பெட்டிக்குத் தெரியாது. ஆடு எறங்கற வரைக்கும் ஆடு வந்துட்டே இருக்கும். வர்ற ஆடெல்லாம் பலகை மேலயே வருது. அப்பறம் எங்க எறங்கறது?" சித்தியின் கண்கள் திரையைவிட்டு அகலவில்லை. "இரு, தொடாத. யோசிக்கலாம்."

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் சித்தப்பாவும் அவருடைய அம்மாவும் சேலத்திலிருந்து வந்திருந்தார்கள். அம்மா அறைக்குள் ஓடிவந்து, "எந்திரிச்சு மொகம் கழுவு. அவங்க வந்திருக்கறாங்க" என்றாள்.

"இதோ வரேன்க்கா" என்றாள் சித்தி. ஆனால் எழுந்திருக்கவில்லை.

கூடத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான். மிக்சர் தட்டு வைக்கும் சத்தமும், அப்பா நாற்காலி இழுத்துப் போடும் சத்தமும் கேட்டன. சித்தப்பாவின் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"வேலைய வுட்டுட்டு வரணும்னு மொதல்லயே பேசித்தானுங்க முடிச்சோம். இப்ப வந்து திரும்பவும் பெங்களூருன்னா எப்படீங்க? எங்க வூட்டுக்குன்னு ஒரு..."

மே என்றது ஓர் ஆடு.

"ஒரு மரியாத இருக்குதில்லீங்களா. நாங்க என்ன சோத்துக்கு..."

இன்னோர் ஆடு, யாரோ கிணற்றில் விழுந்தது மாதிரி அலறியது. கூடத்தில் பேச்சு நின்றது.

"பக்கத்து வூட்டு ஆடுங்க" என்றார் அப்பா.

"என்னங்க இப்படிக் கத்துது? வயித்து வலியா இருக்கும். டாக்டருகிட்டக் காட்டச் சொல்லுங்க."

"சொல்றங்க" என்றார் அப்பா, மிகவும் அடக்கமாக.

சித்தி அதற்குள் பலகையைப் பெயர்த்து எறிந்துவிட்டாள். ஆடு வருவது நின்றது. ஆனால் வந்த ஆடுகள் சந்தையை அடைத்துக்கொண்டு நின்றன. நான் ஓர் அடி வைப்பதற்குள் லேப்டாப் மூச்சு வாங்கியது. "இதுங்கள மொத்தமா ஒழிக்க வழி இருக்குதா?" என்று கேட்டாள். கொல்வதற்கென்று ஒரு கட்டளை இருப்பதைச் சொன்னேன். எழுதும் விதத்தையும் சொன்னேன். சித்தி தட்டச்சு செய்ததைப் பார்த்து எனக்கு வாய் பிளந்துவிட்டது. விரல்கள் பொத்தான்களைத் தொட்ட மாதிரியே தெரியவில்லை. கடைசியில் ஆட்டை மட்டும் என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். அதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் எண்டரைத் தட்டிவிட்டாள்.

எல்லாம் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் சாய்ந்தன. ஆடுகள் சாய்ந்தன. வியாபாரிகள் சாய்ந்தார்கள். டீக்கடைக்காரர், சுங்கம் வாங்குகிறவர், ஒன்றுமறியாமல் சந்தைக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த மாடுகள், எல்லாருக்கும் கடைசியாக நான். திரை சிவந்து, நீ செத்துப்போனாய் என்றது.

"அய்யோ அம்மா!" என்று வீடே அதிரக் கத்தினேன். "சித்தி எல்லாரையும் கொன்னுட்டா! ஒருத்தர்கூட மிச்சமில்ல! என்னையும் கொன்னுட்டா!"

கூடத்தில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. அலறிக்கொண்டிருந்த ஆடுகளும் அதே நொடியில் அடங்கிப்போயிருந்தன. அது அவர்களை இன்னும் கலவரப்படுத்தியிருக்க வேண்டும். துணித்திரையை விலக்கிக்கொண்டு முதலில் ஓடி வந்தவர் சித்தப்பாதான். பின்னால் நெஞ்சில் கைவைத்தபடி அவருடைய அம்மா, அப்புறம் என் அப்பா அம்மா. நான் அழுதுகொண்டிருந்தேன். சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"என்ன கூத்தும்மா இது?" என்றார் சித்தப்பாவின் அம்மா.

"உக்காருங்கத்த, ஒரே நிமிசம்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சித்தி லேப்டாப் பக்கம் திரும்பிவிட்டாள். அவர் அங்கேயே நின்றார். உட்கார அந்த அறையில் இடமும் இல்லை.

சித்தப்பா குனிந்து, என்ன இது என்று மெதுவாகக் கேட்டார். சித்தி சொல்ல ஆரம்பித்தாள். பெட்டி, பலகை, யார் மிதித்தார்கள் என்று பெட்டி ஏன் கேட்க வேண்டும், ஆடு ஏன் நான்கு கட்டம் தள்ளித் தோன்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். கை காற்றில் படம் போட்டது. சித்தப்பா திரையைவிட அவள் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

சித்தியின் கை அப்படியே நின்றது. "பெங்களூருல நான் என்ன வேல பாத்தேன்னு நெனச்சீங்க?"

சித்தப்பா தன் அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "டைப் அடிக்கறதுன்னு... அம்மா சொன்னாங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இடையில் ஒரு ராத்திரிதான் இருந்தது, வியாபாரிகளை எல்லாம் திரும்ப உயிரோடு கொண்டுவர வேண்டும். "சித்தப்பா, கொஞ்சம் தள்ளுங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் தள்ளி நின்றார்.

அவர்கள் சித்தியை அழைக்காமலேயே கிளம்பிப் போனார்கள். சித்தப்பாவின் அம்மா காரில் ஏறும்வரை யாரையும் பார்க்கவில்லை. ஆடுகளுக்குப் பயந்துதான் அவர் போய்விட்டார் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். சித்தி வாசல்வரை போய்த் திரும்பி வந்து பெட்டியைச் சரிசெய்து முடித்தாள். ஆள் மிதித்தால் ஆடு வந்தது, ஒன்றே ஒன்று, பட்டிக்குள். ஆடு மிதித்தால் எதுவும் வரவில்லை. தோழி வந்தாள், மிதித்தாள், ஆட்டைப் பார்க்கக் கிட்டே போனாள், ஆடு அவளை முட்டித் தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளியது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவள் ரயிலைப் பற்றிப் பேசுவதை மட்டும் அதன்பிறகும் நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு சித்தி சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை. லேப்டாப்பை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு நாளெல்லாம் யார் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தாள். போனில் இங்கிலீஷில் பேசினாள். ஒருநாள் காலை துணிப்பெட்டியைக் கட்டினாள். மொரப்பூர் ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனோம். அங்கே சித்தப்பா காத்திருந்தார், தனியாக, புதிதாகச் சவரம் செய்த முகத்தோடு. சேலத்திலிருந்து வந்திருந்தார். சித்தியை அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர்கள் இரண்டு பேரும் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

ஜோலார்பேட்டை பக்கம் போகிற வண்டி வந்தது. சித்தப்பா பெட்டியைத் தூக்கி அதில் வைத்தார். சித்தி ஏறிக்கொண்டாள்.

நான் பதறிப்போய்விட்டேன். "சித்தப்பா! இது பெங்களூர் போற வண்டி! சேலம் வண்டி அந்தப் பக்கம் வரும்!"

அம்மா என் வாயைப் பொத்தினாள். சித்தி ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"தெரியும் கண்ணு" என்றார் சித்தப்பா. வண்டி நகர்ந்தது. அவர் கூடவே கொஞ்ச தூரம் நடந்து, அப்புறம் நின்று, கையை உயர்த்தியவர் இறக்கவே இல்லை.

பெண்டாட்டியைத் தப்பான வண்டியில் ஏற்றிவிட்டு, தானும் ஏறாமல் விட்டுவிட்டு, அதையும் தெரியும் என்று சொல்கிற மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பாவம், சங்கடத்தில் சொல்கிறார் என்று நினைத்து, அவரைச் சேலம் வண்டி வரும் பக்கத்துக்கு நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன்.